ரெண்டாவதுதானே

"பதினோரு மணிக்கு ஆபரேஷன். தண்ணிகூடக் குடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் நகர்ந்தபோது, அது பக்கத்துக் கட்டில் கோகிலாவுக்குச் சொன்னது என்றுதான் நினைத்தேன். நான் இட்லியைப் பிட்டு வாய்க்கருகில் கொண்டுபோயிருந்தேன். "ஏம்மா இளவரசி, உன்னைத்தான். வெச்சிரு அதை." வைத்தேன். யார் எதை வை என்றாலும் முதலில் வைத்துவிட்டு அப்புறம் யோசிப்பது என் வழக்கம், பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படித்தான். "எனக்கு என்ன ஆபரேஷன் சிஸ்டர்?" என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்ததில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. "குடும்பக் கட்டுப்பாடு. மூணு இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு என்ன ஆபரேஷன்னு கேக்கறே. ரெண்டாவதுதானே உனக்கு? லிஸ்ட்ல மூணாவது பேரு." கோகிலா சிரித்தாள். "அக்கா இன்னும் பிரசவ மயக்கத்துலயே இருக்காங்க" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். நாலு பேர் எதிரில் ஒன்றும் தெரியாதவளாக நிற்பதைவிட அவர்களோடு சேர்ந்து என்னையே பார்த்துச் சிரித்துவிடுவது சுலபம் என்று கல்லூரியில் கற்றுக்கொண்டது. அம்மா என் காலடியில் நின்று குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டு போட்ட யார் வாயைத் திறந்தாலும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறவள் அம்மா. இன்று நிமிர்ந்தே பார்க்கவில்லை. மடித்து வைத்த துணி ஒன்றை எடுத்து உதறி, மறுபடி மடித்தாள். அதில்தான் எனக்குத் தெரிந்தது.

"கேஸ் ஷீட்டைப் பாக்கலாமா சிஸ்டர்?" என்று நான் கேட்டதற்கு "பாரேன், படிச்ச பொண்ணுதானே" என்று மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தமிழில்தான் அச்சடித்திருக்கிறது. நல்ல பெரிய எழுத்து. எவருடைய வற்புறுத்தலும் இன்றி. இது நிரந்தரமானது என்பதை அறிவேன். வேறு தற்காலிக முறைகள் இருப்பது எனக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்கு முன் எந்த நேரத்திலும் என் முடிவை நான் மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் கீழே, 'நானே படித்துப் பார்த்தேன்' என்று ஒரு கட்டம், 'படித்துக் காட்டக் கேட்டேன்' என்று ஒரு கட்டம். நானே படித்துப் பார்த்தேன் என்பதில் நீல மையால் டிக் போட்டிருந்தது. டிக் நான் போட்டதில்லை, நான் போட்டது கையெழுத்து மட்டும். கையெழுத்தில் கடைசி எழுத்து கோட்டை விட்டு இறங்கி, தாளின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த இழுப்பு எந்த வலியில் வந்தது என்று என் இடுப்புக்கு ஞாபகம் இருக்கிறது. முந்தாநாள் மத்தியானம், ஒன்றரை மணி இருக்கும். வலிக்கும் வலிக்கும் நடுவில் மூச்சு வாங்கக்கூட இடமில்லாமல் ஆகிக்கொண்டிருந்த நேரம். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்பதால் அம்மா உள்ளே இருந்தாள். சிஸ்டர் வெளியே கூப்பிட்டார் என்று போனாள், திரும்பி வரும்போது கையில் அட்டையோடு தாள்கள். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு கண்ணு. இடுப்பு வலிக்கு ஊசி போடணுமாம், அதுக்கு." நான் பேனாவை வாங்கினேன். அம்மா தாளைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினாள், இங்க, இங்க, அப்புறம் இங்க. அந்த விரலை மட்டும்தான் பார்த்தேன். அதற்குப் பக்கத்திலேயே எழுத்து இருந்தது, பெரிய எழுத்து. எங்கள் தெருவில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், நூறு நாள் வேலை அட்டை. அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவாள், ஆனால் நான் முழுக்க வாசித்துக் காட்டாமல் ஒரு நாளும் எழுதியதில்லை. "நீ படிச்சுச் சொல்லு, அப்புறம் போடறேன்" என்பாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேரில் அம்மாவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

குழந்தை அழுகிறான். எடுத்து மார்பில் வைத்ததும் அடிவயிறு முறுக்கிப் பிழிகிறது. பிரசவ வலியின் குட்டிபோல ஒரு வலி. முதல் பிரசவத்தில் இது இவ்வளவு இல்லை. நேற்று சிஸ்டரிடம் சொன்னபோது, "ரெண்டாவதுல அப்படித்தான் இருக்கும், கர்ப்பப்பை சுருங்குது, நல்லதுதான்" என்றார். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். முதலாவதுக்கு எல்லாரும் எல்லாம் சொன்னார்கள். எப்படிப் படுக்க வேண்டும், எப்படி எழ வேண்டும், பாலை எப்படிக் கொடுக்க வேண்டும், நகத்தை எப்படி வெட்ட வேண்டும். வளைகாப்பில் கை நிறைய வளையல் போட்டு, பேருந்தில் ஏற முடியாமல் வேன் வைத்து அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நித்திலா வர இருபது மணி நேரம் ஆனது. அந்த இருபது மணி நேரமும் என்னைச் சுற்றி ஆள் இருந்தது, யாராவது நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். வலி என்றால் என்ன, எதுவரைக்கும் போகும், அதற்கு மேல் இன்னொன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, ஆகவே ஒவ்வொரு வலியையும் இதுதான் கடைசி என்று நம்பினேன். இந்த முறை அப்படி நம்ப முடியவில்லை. உடம்புக்கு வழி தெரிந்திருந்தது. காலையில் நித்திலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது முதல் வலி வந்தது. பின்னலை முடித்து ரப்பர் பேண்டு போட்டுவிட்டுத்தான் அம்மாவைக் கூப்பிட்டேன். மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் இவன் வந்துவிட்டான். அவ்வளவு வேகம். முதலாவதில் நான் ஒன்றும் தெரியாமல் பயந்தேன், இந்த முறை எல்லாம் தெரிந்து பயந்தேன், ஆனால் தெரிந்து பயப்படுகிறவளுக்கு ஆறுதல் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. சேர்க்கும் இடத்தில் சீட்டு எழுதினவர் "எத்தனையாவது?" என்று கேட்டார். இரண்டாவது என்றதும் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு எழுதத் தொடங்கினார். "ரெண்டாவதுதானே, உனக்கே தெரியும், போய்ப் படு." நான் கத்தியபோதும் "ரெண்டாவதுக்கு இவ்வளவு கத்தறே?" நித்திலா ஞாபகமாகவே இருந்தது. எதிர்வீட்டில் விட்டுவிட்டு வந்தோம், சாப்பிட்டாளா, என்னைக் கேட்டு அழுதாளா. முதலாவதில் என் கவலை எல்லாம் எனக்குள்ளேயே இருந்தது. இரண்டாவதில் பாதிக் கவலை வெளியே ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பாதியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மீதிப் பாதியின் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள்.

இப்படியெல்லாம் நினைப்பது நியாயமா என்று இன்னொரு பக்கம் தோன்றுகிறது. அம்மா எதிரி இல்லை. நித்திலா பிறந்த அன்று குழந்தையைத் துடைத்து என் பக்கத்தில் வைத்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. எனக்கு அது வெதுவெதுப்பாக, யாரோ போர்வை போர்த்துகிறதுபோலத்தான் இருந்தது. தூக்கம் வந்தது. தூங்காதே தூங்காதே என்று கன்னத்தில் தட்டினார்கள், ஆட்கள் ஓடினார்கள், ஒரு டாக்டர் என் வயிற்றைக் கையால் அழுத்திப் பிசைந்தார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்று பின்னால் சொன்னார்கள். நான் தூங்குகிறவளாக இருந்தேன், முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது அம்மா. கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த வாளி நிறைவதைப் பார்த்தாளாம். பிறகு ஐந்து மாதம் அம்மா வீட்டில் இருந்தபோது, நான் கொஞ்சம் அதிக நேரம் தூங்கிவிட்டால் என் மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பாள். ஒருமுறை விழித்துக்கொண்டு "என்னம்மா?" என்றதற்கு, கொசு என்றாள். இரண்டாவது தங்கியிருக்கிறது என்று நான் போனில் சொன்னபோது உடம்புல ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பாத்தியா என்றுதான் முதலில் கேட்டாள். "சரி" என்றாள் அப்புறம். இரண்டாவது பிரசவம் மாமியார் வீட்டுப் பொறுப்பு என்பது எங்கள் பக்கத்து வழக்கம், என் மாமியார் இல்லாததால் அம்மாவே பஸ் ஏறி வந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஒவ்வொன்றையும் எடுத்துக் கணக்குப் பாடத்தைப்போல வரிசையாக வைத்துப் பார்க்கிறேன், ஆகவே அம்மா பயந்தாள், ஆகவே அம்மா செய்தாள் என்று விடை சரியாகத்தான் வருகிறது. வந்த பிறகும் நெஞ்சில் அந்தக் குரல் அப்படியே இருக்கிறது. இடுப்பு வலிக்கு ஊசி போடணுமாம் கண்ணு. அதைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நன்றாக வருகிறது. இதற்கு முன்னால் எத்தனை முறை வந்திருக்கும்? முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக மூன்று நாள் அலுவலக வாசலில் நின்றபோது "காலே வலிக்கல" என்றது, அக்காவுக்கு முன்னால் எனக்குக் கல்யாணம் பேசமாட்டேன் என்றது, நான் மேலே படிக்கலாம் என்றது. ஒன்றை இழுத்தால் பின்னாடி இருப்பதெல்லாம் பிரிந்துகொண்டு வருகிறது. வேண்டாம். இதை இப்போது யோசிக்க வேண்டாம்.

அவர் வந்துவிட்டார். குமரவேல், என் கணவர். பட்டறைக்கு அரை நாள் லீவு சொல்லியிருப்பார்போல, சட்டையில் பற்றவைப்புப் பொறி விழுந்த ஓட்டைகள் இல்லாத நல்ல சட்டை. இடுப்பில் நித்திலா. என்னைப் பார்த்ததும் கைநீட்டித் தாவப் பார்த்தாள், "அம்மாவுக்கு வயிறு வலிக்கும்" என்று அவர் பிடித்துக்கொண்டார். "என்ன இளா, மொகம் ஏன் இப்படி இருக்கு?" என்றார். "இன்னிக்கு எனக்கு ஆபரேஷன்னு உங்களுக்குத் தெரியுமா?" அவர் என் அம்மாவைப் பார்த்தார். "அத்தை, நீங்க சொல்லலையா?" அம்மா ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாள். ஃபிளாஸ்க் நிறைந்துதான் இருந்தது. "நல்லதுக்குத்தானே இளா. மொதத் தடவ பட்ட பாடு தெரியும்ல. இப்பவே முடிச்சுட்டா தனியா ஒரு தடவ வந்து படுக்க வேண்டியதில்ல." எட்டாம் மாதத்தில் இதை நாங்கள் பேசியிருந்தோம். மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டு நின்றபோது. இப்போதைக்கு காப்பர்-டி போதும், மிச்சத்தை அப்புறம் முடிவு செய்யலாம், நான் தேர்வு எழுத வேண்டும், அவசரமாக எதுவும் வேண்டாம் என்றேன். ஆண்களுக்கும் ஆபரேஷன் இருக்கிறது, அது இதைவிடச் சின்னது என்றும் சொன்னேன். "பட்டறைல தெரிஞ்சா என்னை ஓட்டியே கொன்னுடுவானுங்க" என்று சிரித்தார். ஆனால் காப்பர்-டிக்குச் சரி என்றார். சரி என்றார் என்றுதான் ஞாபகம். இல்லை, தலையாட்டினார். தலையாட்டலைச் சரி என்று நான் எழுதிக்கொண்டேனா? "காப்பர்-டின்னுதானே பேசினோம்?" என்றேன். "பேசினோம்தான். அப்ப என்ன கொழந்தைன்னு தெரியாதே. பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணு, இதுக்கு மேல என்ன வேணும் சொல்லு?" எனக்குத் திடீரென்று கேட்கத் தோன்றியது, கேட்டுவிட்டேன். "பொண்ணாப் பொறந்திருந்தா?" அவர் என்னைத் தேற்றுகிற குரலில்தான் சொன்னார், என் நலத்துக்காக எவ்வளவு யோசித்து நடந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்கிற குரலில். "பொண்ணாப் பொறந்திருந்தா அந்தப் பேப்பரக் கிழிக்கச் சொல்லியிருப்பேன்ல. அதுக்குத்தான் பொறக்கறவரைக்கும் லிஸ்ட்ல எழுத வேண்டாம்னு சிஸ்டர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். உங்கம்மா உடனே எழுதச் சொன்னாங்க, நான்தான் இருங்க அத்தைன்னேன்." அவர் இடுப்பில் நித்திலா இருந்தாள். குனிந்து தம்பியின் பாதத்தைத் தொட்டு, "இத்துனூண்டு கால்லயும் கோடு இருக்கு" என்றாள். அவளுக்கு அப்பா பேசியது புரிந்திருக்காது. மூன்றரை வயதில் என்ன புரியும். புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவர்கள் வெளியே போய்விட்டார்கள், பார்வையாளர் நேரம் முடிந்தது. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறேன். ஆக, அந்தத் தாள் ஒன்றரை மணி நேரம் மேசை இழுப்பில் இருந்திருக்கிறது. என் கையெழுத்தோடு, இவன் யார் என்று தெரிவதற்காகக் காத்துக்கொண்டு. இவனைத் தூக்கிக் காட்டி "பையன்" என்றபோது நான் அழுதேன். எதற்கு அழுதேன், பையன் என்றா, முடிந்தது என்றா, இந்த முறை ரத்தம் நின்றுவிட்டது என்றா? எல்லாம்தான். அந்த நேரத்திலேயே வெளியே ஒரு தாள் செல்லுபடியாகிவிட்டிருந்தது. இன்னொரு நித்திலா வந்திருந்தால் என் வயிறு இன்னொரு முயற்சிக்கு வைத்துக்கொள்ளப்பட்டிருக்கும், அம்மா பார்த்த வாளியைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வந்திருக்காது. ஒருத்திக்கு என் வயிற்றை இன்றே மூடிவிட வேண்டும், ஒருத்தருக்குப் பார்த்துவிட்டு மூட வேண்டும். இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசியிருக்கிறார்கள், வாக்குவாதம்கூடச் செய்திருக்கிறார்கள், கதவுக்கு இந்தப் பக்கம் நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். யார்மேல் அதிகக் கோபம் என்று எடை போட்டுப் பார்க்கிறேன். அவர்மேல் கோபம் சுடுகிறது, ஆனால் அது எனக்குப் பழக்கமான சூடு, ஊரில் நாலு வீட்டில் பார்த்த சூடு. அம்மாவை நினைத்தால் சுடவில்லை. மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் வருமே, அப்படி இருக்கிறது.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்கு மூன்றாவது வேண்டும் என்று இல்லை. இதுதான் என்னைக் குழப்புகிறது. வேண்டும் என்று இருந்தால் எளிது, எழுந்து நின்று சண்டை போடலாம். இந்த இரண்டையே எப்படி வளர்ப்பேன் என்று பயம், தேர்வுப் புத்தகங்கள் பெட்டியில் கிடக்கின்றன, அந்த வாளி இன்னொரு முறை வந்தால் நித்திலாவுக்கு யார் தலை பின்னுவார்கள். என்னைக் கேட்டிருந்தால், உட்கார வைத்து இரண்டு பேரும் கேட்டிருந்தால், ஒருவேளை சரி என்றே சொல்லியிருப்பேன். ஒருவேளை இவனுக்கு ஒரு வயது ஆகட்டும், அதுவரை பார்க்கலாம் என்றிருப்பேன். முதல் வருடம் என்பது எனக்குப் பயமான வருடம், நித்திலாவுக்குக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு முறையும் நான் நினைத்ததை வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லக் கூடாது, தூங்குகிற பிள்ளை பக்கத்தில் இருக்கிறான். ஆனால் சரி என்று சொல்லியிருக்கக்கூடிய ஒன்றுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்வது வீம்பா? எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். படிச்ச திமிர் என்பார்கள். பேசாமல் போய்ப் படுத்துவிட்டால் கால் மணி நேரம், இரண்டு தையல், மதியம் சாப்பிடலாம், எல்லாரும் என்னிடம் அன்பாக இருப்பார்கள், அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் நான் அந்த டிக்கை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நானே படித்துப் பார்த்தேன். தேர்வில் தெரியாத கேள்விக்குக்கூட நான் குத்துமதிப்பாக டிக் போட்டதில்லை. போய்ப் படுத்துவிட்டால் அந்தப் பொய் உண்மையாகிவிடும், இன்று காலை படித்துவிட்டேன் அல்லவா, படித்த பிறகு போனேன் என்று ஆகிவிடும். அப்புறம் நான் யாரையும் எதுவும் கேட்க முடியாது.

பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள், முதுகுப் பக்கம் முடிச்சு. அறுவை அரங்குக்கு வெளியே பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம். முதல் பெண் உள்ளே போனாள், சிறிது நேரத்தில் இரண்டாவது பெண்ணையும் கூப்பிட்டார்கள். நான் பெஞ்சில் தனியாக. எதிர்ச்சுவரில் சிரிக்கிற குடும்பம் வரைந்திருக்கிறார்கள். பசிக்கிறது, பசியோடு தலை லேசாகச் சுற்றுகிறது. குழந்தை அம்மாவிடம் இருக்கிறான், அம்மா நடையின் அந்தக் கடைசியில் கம்பிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று தெரிகிறது, நான் திரும்பவில்லை. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் வாக்கியம் அமைத்துப் பார்க்கிறேன், மேடம், நான், எனக்கு ஒரு சந்தேகம். இல்லை, சந்தேகம் என்று சொன்னால் விளக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். மேடம், மன்னிக்கணும். எதற்கு மன்னிக்க வேண்டும்? கதவு திறந்து டாக்டரம்மாவே வந்துவிட்டார், கையில் என் கேஸ் ஷீட். தாளைப் பார்த்தபடியே கேட்டார். "இளவரசி. ரெண்டாவது பிரசவம். ரெண்டும் நார்மல். ரெண்டு குழந்தையும் நல்லா இருக்கா? விருப்பப்பட்டுத்தானே பண்ணிக்கிறே?" ஒரே மூச்சில் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் கேட்கிறாரோ, கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை போலிருக்கிறது, அதற்குள் பேனா மூடியைத் திறந்துவிட்டார். "இல்லைங்க" என்றேன். என் குரல் இவ்வளவு சின்னதா. "என்ன இல்ல?" "விருப்பப்பட்டு இல்லைங்க. வலியில ஊசிக்குன்னு சொன்னாங்க, போட்டுட்டேன். இன்னிக்குக் காலைலதான் படிச்சேன். எனக்கு வேண்டாம்." இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் களைத்த கண்கள். "யாரு சொன்னது ஊசிக்குன்னு? ஸ்டாஃபா?" ஸ்டாஃப் என்று சொல்லிவிடலாம். அதிகாரமாகக் கேட்பார்கள், சிஸ்டருக்குத் திட்டு விழும், அம்மா தப்பித்துக்கொள்வாள். "இல்லைங்க. எங்கம்மா." டாக்டர் நடையின் கோடியைப் பார்த்தார். "வேற எதாவது வெச்சுக்கறியா?" "காப்பர்-டி போடறதுன்னா போட்டுக்கறேங்க. அதைப்பத்தி யாராவது சொல்லிட்டுப் போடணும்." "ஆறு வாரம் கழிச்சு வா. நானே சொல்றேன்." தாளில் என் பெயருக்கு எதிரே குறுக்கே ஒரு கோடு போட்டு ஏதோ எழுதினார். "காலைலயே சொல்லியிருந்தா பட்டினி கிடந்திருக்க வேண்டாம்ல? போ, போய்ச் சாப்பிடு." அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. நான் வென்றுவிட்டேன் என்று தோன்ற வேண்டும். அங்கியின் முடிச்சைப் பின்னால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

கம்பிக் கதவுக்கு வந்தேன். அவர் கீழே நித்திலாவுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுக்கப் போயிருக்கிறார். அவரிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும், அந்தப் பேச்சு இன்றோடு முடியாது. அம்மா என் அங்கியைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "பண்ணலையா?" என்றாள். "பண்ணல." குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஏன்?" "நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்." "மறுபடி அந்த மாதிரி ஆச்சுன்னா என்னால பாக்க முடியாதுடி" என்றாள் அம்மா. குரல் இப்போது நடுங்கியது. முந்தாநாள் நடுங்கியிருக்க வேண்டிய குரல். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "சொன்னா நீ வேண்டாம்னு சொல்லுவே." "ஆமா. சொல்லியிருப்பேன்." அம்மா தலையாட்டினாள், அதுதானே என்பதுபோல. தான் செய்தது தப்பு என்று அந்தத் தலையாட்டலில் இல்லை, தப்பு இல்லை என்றும் இல்லை. நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை, எந்த வார்த்தையாவது. "உனக்கு ஒரு பொண்ணு இருக்கால்ல, பாப்போம்" என்றாள் கடைசியில். நித்திலாவிடம் நான் என்னென்ன சொல்வேன், என்னென்ன சொல்லாமல் விடுவேன் என்று எனக்கே தெரியாது. தெரியாது என்பதாலேயே பயமாக இருந்தது. வார்டு கம்பிக் கதவைத் தாண்டி இன்னும் ஒரு நடை தள்ளி இருந்தது. சுவரைப் பிடித்து நாலு அடி வைத்தேன், கீழ்வயிறு இழுத்தது, கண்ணில் இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா குழந்தையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, பக்கத்தில் வந்து தோளைத் தாழ்த்தி நின்றாள். பிடிப்பதற்கு அங்கே வேறு யாரும் இல்லை. தோளில் கையை வைத்தேன். வைத்துக்கொண்டு, என் எடையை முழுக்கவும் அவள்மேல் போடாமல், மீதியை என் காலிலேயே தாங்கிக்கொண்டு, வார்டுவரைக்கும் மெதுவாக நடந்தேன்.